ஆங்கில மரபுத்தொடர்கள்: பொருளுக்குப் பின்னால் ஒரு வரலாறு

ஆங்கில மரபுத்தொடர்களுக்குப் பொருள் எழுதிய பட்டியல் எந்த மாணவரிடம் கேட்டாலும் இருக்கும். இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் பொருள். மனனம் செய்தால் ஆங்கிலத் தாளில் மதிப்பெண் வந்துவிடும். அதில் குறை ஒன்றும் இல்லை. அதே மாணவர் தமிழ்க் கட்டுரை எழுத உட்காரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. மனத்துக்குள் ஆங்கிலத் தொடர் ஓடுகிறது, கை அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்குகிறது. "கசப்பான முடிவு வரை போராடினார்கள்" என்று எழுதுகிறார். "முதலில் பேசி பனிக்கட்டியை உடைத்தார்" என்று எழுதுகிறார். திருத்தும் ஆசிரியருக்கு ஐஸ் கச்சாங் கடைதான் ஞாபகத்துக்கு வரும்!

இதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போவது எளிது. ஆனால் அடுத்த கேள்வியை ஒரு கெட்டிக்கார மாணவர் கேட்டுவிடுவார்: "ஐயா, 'சிவப்பு நாடா' என்று நாளிதழில் எழுதுகிறார்களே, 'முதலைக் கண்ணீர்' என்று மேடையில் பேசுகிறார்களே, அவை மட்டும் சரியா?" இதற்குப் பட்டியலில் விடை கிடையாது. வரலாற்றில்தான் இருக்கிறது. அதனால் சில ஆங்கிலத் தொடர்கள் எங்கே பிறந்தன, எப்படி வளர்ந்தன என்று பார்ப்போம். ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்தலாம், தேர்வு எழுதும் மாணவர்கள் தாங்களாகவே படித்தும் பயன்பெறலாம்.

1. விவிலியத்திலிருந்து வந்தவை

16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சாதாரண மக்கள் விவிலியத்தைத் தங்கள் தாய்மொழியில் படிக்க முடியாத நிலை. அதை மாற்றப் புறப்பட்டவர் வில்லியம் டிண்டேல். சொந்த நாட்டில் அனுமதி கிடைக்காததால் ஐரோப்பாவுக்குப் போய், 1526இல் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் அச்சிட்டார். 1530இல் பழைய ஏற்பாட்டின் முதல் ஐந்து நூல்கள் வந்தன. 1536இல் பிரசல்ஸ் நகருக்கு அருகே அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்று, உடலை எரித்தார்கள். மொழிபெயர்ப்புக்காக உயிரைக் கொடுத்தவர் அவர். 1611இல் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் வந்த புகழ்பெற்ற ஆங்கில விவிலியம் அவருடைய சொற்களை ஏராளமாக அப்படியே எடுத்துக்கொண்டது.

அவர் உருவாக்கிய சொற்களில் ஒன்று 'ஸ்கேப்கோட்'. மற்றவர் செய்த குற்றத்துக்குப் பழி சுமப்பவர் என்பது இன்றைய பொருள். இதற்கு மூலம் லேவியராகமத்தில் வரும் ஒரு சடங்கு. இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களைக் கொண்டுவந்து சீட்டுப் போடுவார்கள். ஒன்றைப் பலியிடுவார்கள். இன்னொன்றின் தலைமேல் மக்களின் பாவங்களை எல்லாம் சுமத்தி, உயிரோடு வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுவார்கள். எபிரேய மூலத்தில் இருந்த கடினமான ஒரு சொல்லை 'தப்பிப்போகும் ஆடு' என்று டிண்டேல் புரிந்துகொண்டு இந்தச் சொல்லைப் படைத்தார்.

இப்போது தமிழுக்கு வருவோம். நாம் இதற்கு எழுதுவது 'பலிகடா'. நன்றாகக் கவனியுங்கள்: பழி சுமந்த ஆடு பலியாகவில்லை! பலியானது மற்ற ஆடு. பழைய தமிழ் விவிலியத்தில் இதற்குப் 'போக்காடு' என்ற அருமையான சொல் இருக்கிறது. போக்கிவிடப்பட்ட ஆடு, அதாவது போகவிடப்பட்ட ஆடு. டிண்டேல் செய்ததையே தமிழ் மொழிபெயர்ப்பாளரும் செய்திருக்கிறார். ஆனால் மக்கள் வாயில் நின்றது பலிகடாதான். ஏன்? கோயில் திருவிழாவில் கடா வெட்டுவதைப் பார்த்துப் பழகிய சமூகத்துக்கு அந்தப் படம் உடனே கண்ணில் தெரிகிறது. ஒரு தொடர் வேற்று மொழியில் வேர் பிடிக்க வேண்டுமானால், அங்கே அதற்கென்று மண் இருக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

2. எராஸ்மஸ் செய்த மாற்றம்

அதே காலத்தில் வாழ்ந்தவர் நெதர்லாந்து அறிஞர் எராஸ்மஸ். கிரேக்க, லத்தீன் பழமொழிகளைத் திரட்டி 1500இல் பாரிசில் ஒரு நூல் வெளியிட்டார். தொடக்கத்தில் ஏறத்தாழ 800 பழமொழிகள். 1536இல் அவர் இறப்பதற்குள் அது 4,000க்கும் மேல் வளர்ந்துவிட்டது. ஐரோப்பா முழுதும் படித்தவர்கள் கையில் இந்த நூல் இருந்தது. ஆங்கிலத்தில் நாம் 'ஆங்கிலத் தொடர்' என்று நினைக்கும் பல இந்த வழியாக வந்தவை. முன்னே சொன்ன பனிக்கட்டித் தொடரும் அவருடைய தொகுப்பில் உண்டு. உறைந்த நீரில் முதலில் போகிறவர் பனியை உடைத்துப் பின்னால் வருபவர்களுக்கு வழி செய்வது அதன் படம். குளிர்நாட்டுக்காரருக்கு விளக்கமே தேவையில்லை. நமக்கோ அது எட்டாத காட்சி. "தயக்கத்தைப் போக்கிப் பேச்சைத் தொடங்கி வைத்தார்" என்று நேராக எழுதுவதே அழகு.

எராஸ்மஸ் கைபட்டு உருமாறிய இரண்டு தொடர்களைச் சொல்ல வேண்டும். முதலாவது 'பண்டோராவின் பெட்டி'. கிரேக்கக் கவிஞர் ஹெசியட் சொன்ன கதையில் பண்டோரா திறந்தது பெட்டியை அல்ல, தானியமும் எண்ணெயும் சேர்த்து வைக்கும் பெரிய தாழியை. எராஸ்மஸ் லத்தீனில் எழுதும்போது அது சிறு பேழை ஆகிவிட்டது. அன்றிலிருந்து உலகம் முழுவதும் பெட்டிதான்.

இரண்டாவது 'கால் எ ஸ்பேட் எ ஸ்பேட்'. உள்ளதை உள்ளபடி சொல்வது என்று பொருள். 'ஸ்பேட்' என்றால் மண்வெட்டி. கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதிய குறிப்பில் இருந்தது மண்வெட்டி இல்லை, தொட்டி! தொட்டியைத் தொட்டி என்றே சொல்லும் பச்சையான மக்கள் என்பது அங்கே வரும் செய்தி. எராஸ்மஸ் லத்தீனில் தோண்டும் கருவி என்று எழுத, நிக்கலஸ் யுடால் 1542இல் அதை ஆங்கிலத்தில் மண்வெட்டி ஆக்கினார். ஒரு மொழிபெயர்ப்புத் தவறு, 500 ஆண்டுகளாக நல்ல ஆங்கிலமாக வாழ்கிறது.

இதிலிருந்து மாணவர்கள், "அப்படியானால் நாங்களும் தவறாக மொழிபெயர்க்கலாமா?" என்று கேட்கக்கூடும். கேட்கட்டும். அந்தத் தவறு நிலைத்ததற்குக் காரணம், புதிய தொடரும் ஆங்கிலத்தில் சொல்ல எளிதாக, காட்சி தெளிவாக இருந்ததுதான். மண்வெட்டி எல்லார் வீட்டிலும் இருந்தது. நமக்கோ 'வெட்டு ஒன்று துண்டு இரண்டு' என்று அதைவிடக் கூர்மையான தொடர் கையில் இருக்கும்போது மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டிய அவசியமே இல்லை.

3. கப்பலும் கயிறும்

பிரிட்டன் கடலை நம்பி வாழ்ந்த நாடு. பாய்மரக் கப்பலின் பேச்சு தரைக்கு வந்ததில் வியப்பில்லை. 'லேர்ன் தி ரோப்ஸ்' என்றால் ஒரு வேலையின் நெளிவு சுளிவுகளைக் கற்றுக்கொள்வது. கப்பலில் சேரும் புதியவர் எந்தக் கயிறு எந்தப் பாயை இழுக்கும் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 'த்ரீ ஷீட்ஸ் இன் தி விண்ட்' என்றால் நன்றாகக் குடித்துவிட்டுத் தள்ளாடுவது. இங்கே 'ஷீட்' என்பது துணியும் இல்லை, தாளும் இல்லை; பாயைக் கட்டுப்படுத்தும் கயிறு. கயிறுகள் அவிழ்ந்து காற்றில் ஆடினால் கப்பல் தள்ளாடும், குடித்தவர் நடை போல.

இனி அந்தக் 'கசப்பான முடிவு'. ஆங்கிலத்தில் 'பிட்டர் எண்ட்'. 1627இல் கேப்டன் ஜான் ஸ்மித் எழுதிய கடல்தொழில் நூலில் இதற்கு விளக்கம் இருக்கிறது. கப்பல் தளத்தில் நங்கூர வடத்தைச் சுற்றிக் கட்டும் உறுதியான முளைகளுக்கு 'பிட்ஸ்' என்று பெயர். வடத்தின் உள்பக்க நுனி அந்த முளையோடு இருக்கும். வடம் முழுதும் வெளியே ஓடி அந்த நுனி வந்துவிட்டால், விடுவதற்கு இனிமேல் கயிறு இல்லை. அதாவது கடைசி. பிற்காலத்தில் கசப்பைக் குறிக்கும் சொல்லோடு ஒலி ஒத்துப் போனதால் அந்தச் சுவையும் சேர்ந்துகொண்டது. விவிலியத்தின் நீதிமொழிகளில் வரும் கசப்பான முடிவு என்ற கருத்தும் இதற்குத் துணை செய்திருக்கலாம் என்பார்கள். எப்படிப் பார்த்தாலும் தமிழில் "இறுதிவரை", "கடைசி மூச்சு உள்ளவரை" என்றுதான் வர வேண்டும். போராட்டம் வெற்றியில் முடிந்திருந்தால் கசப்புக்கு அங்கே என்ன வேலை?

'டர்ன் எ பிளைண்ட் ஐ' என்ற தொடரைக் கடற்படைத் தளபதி நெல்சனோடு சேர்த்துச் சொல்வார்கள். 1794இல் கோர்சிகா தீவின் கல்வி நகர முற்றுகையில் அவர் வலக்கண் பார்வை போயிற்று. 1801 ஏப்ரல் 2ஆம் நாள் கோப்பன்ஹேகன் போரில், மேலதிகாரி சர் ஹைட் பார்க்கர் போரை நிறுத்தச் சொல்லிக் கொடியால் சைகை காட்டினார். நெல்சன் தொலைநோக்கியைப் பார்வையற்ற கண்ணில் வைத்துக்கொண்டு, தமக்குச் சைகை எதுவும் தெரியவில்லை என்றாராம். போர் தொடர்ந்தது, வெற்றியும் கிடைத்தது. இந்தத் தொடர் அதற்கு முன்பே வழக்கில் இருந்தது என்று காட்டுவோரும் உண்டு. ஆனால் அதைப் புகழ்பெறச் செய்தது நெல்சன் கதை. தமிழில் 'கண்டும் காணாமல் இருத்தல்' என்று நாம் சொல்வது எவ்வளவு பொருத்தம், பாருங்கள். "குருட்டுக் கண்ணைத் திருப்பினார்" என்று எழுதினால் பொருளும் கெடும், பார்வையற்றவர் மனமும் புண்படும்.

4. சட்டமும் தெருவும்

'ரீட் தி ரயட் ஆக்ட்' என்றால் இன்று கடுமையாகக் கண்டித்து எச்சரிப்பது. அப்பா மகனிடமும் தலைமையாசிரியர் மாணவர்களிடமும் செய்வது. ஆனால் இந்தச் சட்டம் உண்மையில் இருந்தது. முதலாம் ஜார்ஜ் மன்னர் அரியணை ஏறியதும் நாட்டில் கலவரங்கள் எழுந்தன. 1715 ஆகஸ்ட் முதல் நாள் இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 12 பேரோ அதற்கு மேலோ கூடிக் கலகம் செய்தால், அதிகாரி ஒருவர் வந்து மன்னர் பெயரால் கலைந்து போகும்படி அறிவிப்பை உரக்கப் படிப்பார். ஒரு மணி நேரத்துக்குள் கலையாவிட்டால் மரண தண்டனை வரை போகலாம். கூட்டத்தைக் கலைக்கும்போது யாராவது இறந்தால், கலைத்தவர் மேல் வழக்கு வராது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இது நீக்கப்பட்டது 1967இல்தான். ஏழை மக்கள் நெஞ்சு படபடக்கக் கேட்ட வாசகம், இன்று வீட்டில் திட்டு வாங்குவதற்குப் பெயராகிவிட்டது. சட்டம் செத்தது, சொல் பிழைத்தது.

'ஹாப்சன்ஸ் சாய்ஸ்' இன்னொன்று. தாமஸ் ஹாப்சன் கேம்பிரிட்ஜில் வாழ்ந்தவர், 1631இல் காலமானார். லண்டனுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் இடையே பொருள் ஏற்றிப் போவதோடு, மாணவர்களுக்குக் குதிரையும் வாடகைக்கு விட்டார். எல்லாரும் நல்ல குதிரையையே கேட்டால் அது ஓடி ஓடித் தேய்ந்துவிடுமே! அதனால் ஒரு விதி வைத்தார்: கதவுக்குப் பக்கத்தில் நிற்பதை எடு, இல்லையென்றால் நடந்து போ. கவிஞர் மில்ட்டன் இவர் இறந்தபோது இரண்டு கவிதைகள் எழுதியிருக்கிறார்.

தேர்வு மாணவர்கள் இங்கே கொஞ்சம் கவனிக்கணும். இந்தத் தொடருக்கு 'இருதலைக் கொள்ளி எறும்பு' என்று எழுதுகிறவர்கள் உண்டு. பொருந்தாது. எறும்புக்கு இரண்டு பக்கமும் நெருப்பு. எந்தப் பக்கம் போவது என்ற தவிப்பு. ஹாப்சனிடம் தவிப்பே இல்லை, இருப்பதே ஒன்றுதான். தேர்ந்தெடுக்கும் உரிமை இருப்பது போலத் தோன்றும், உண்மையில் இருக்காது. இந்த வேறுபாட்டைப் பட்டியல் சொல்லாது, கதை சொல்லும்.

5. நம் பக்கத்திலிருந்து போனவை

ஆங்கிலம் நம் வட்டாரத்திலிருந்தும் எடுத்திருக்கிறது. 'ரன் அமோக்' என்றால் வெறிபிடித்துக் கண்மண் தெரியாமல் ஓடுவது. மூலம் மலாய் மொழியின் 'அமுக்'. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போர்ச்சுகீசியர் துவார்த்தே பார்போசா இதைக் குறிப்பிட்டிருக்கிறார். 'மெங்காமுக்' என்று தினமும் கேட்கும் நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆனால் ஒன்று: தமிழில் நாம் சொல்லும் 'அமோகம்' வேறு. அது வடமொழிச் சொல், குறைவில்லாதது என்ற பொருளில் வழங்குவது. அமோக விளைச்சலில் யாரும் வெறிபிடித்து ஓடுவதில்லை.

'கர்ரி ஃபேவர்' என்றால் ஒருவரைக் குழைந்து குழைந்து தன் காரியத்தைச் சாதித்துக்கொள்வது. 'கறி' என்ற நம் சொல்தான் இது என்று சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. உணவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு நம் கறியோடு உறவு உண்டு, உண்மை. இந்தத் தொடருக்கு உறவு இல்லை. இங்கே அந்தச் சொல்லுக்குக் குதிரையைத் தேய்த்துச் சீவுவது என்று பொருள். 14ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கதைக்கவிதை ஒன்றில் ஃபோவெல் என்ற குதிரை வரும். வஞ்சகத்தின் உருவமான அந்தக் குதிரையை அரசரும் குருமாரும் போட்டி போட்டுத் தேய்த்துவிடுவார்கள். குதிரையை மறந்த ஆங்கிலேயர் வாயில் ஃபோவெல் 'ஃபேவர்' ஆயிற்று. நம்மிடமும் இதே மாதிரி ஒன்று உண்டு: 'காக்காய் பிடித்தல்'. கால் கை பிடிப்பதே திரிந்து காக்காய் ஆனது என்று விளக்குவது வழக்கம். இரண்டு மொழியிலும் ஒரே குணம், ஒரே கேலி!

6. பொய்க் கதைகள், எச்சரிக்கை

சுவையான கதை எல்லாம் உண்மைக் கதை ஆகிவிடாது. 1999இல் '1500களில் வாழ்க்கை' என்ற தலைப்பில் ஒரு மின்னஞ்சல் உலகைச் சுற்றியது. அது இன்றும் புலனத்தில் வந்துகொண்டே இருக்கிறது. கூரையில் படுத்த நாயும் பூனையும் மழையில் வழுக்கி விழுந்ததால் 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' வந்ததாம். வேய்ந்த கூரையில் நாய் எப்படி ஏறிப் படுக்கும்? இந்தத் தொடர் ஏன் வந்தது என்பதற்கு ஆய்வாளர்கள் ஒருமனதாக ஏற்ற விளக்கமே கிடையாது. குடும்பம் முழுதும் ஒரே நீரில் குளித்து, கடைசியில் அழுக்கு நீரோடு குழந்தையையும் கொட்டிவிட்டார்கள் என்பது அதே மின்னஞ்சலின் இன்னொரு கதை. உண்மையில் அது ஜெர்மானியப் பழமொழி. 1512இல் தாமஸ் முர்னர் எழுதிய அங்கத நூலில் படத்தோடு இருக்கிறது. ஆங்கிலத்துக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்.

'ரூல் ஆஃப் தம்ப்' பற்றிய கதை இதைவிடப் பெரிய விஷயம். கட்டைவிரல் அளவு தடிமனுள்ள குச்சியால் மனைவியை அடிக்கலாம் என்று ஆங்கிலச் சட்டம் இருந்ததாகவும், அதிலிருந்து தொடர் பிறந்ததாகவும் சொல்வார்கள். அப்படி ஒரு சட்டம் இருந்ததில்லை. 1782இல் நீதிபதி பிரான்சிஸ் புல்லர் அவ்வாறு சொன்னதாகப் பேச்சு கிளம்பியது. கேலிச்சித்திரக்காரர் கில்ரே அவரைக் கட்டைவிரல் நீதிபதி என்று வரைந்தார். ஆனால் தொடரோ 17ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. தொழிலாளர் அளவுகோலுக்குப் பதில் விரலால் அளந்த பழக்கமே அதற்கு அடிப்படையாக இருக்க வேண்டும். மனைவியை அடிக்கும் கொடுமை அந்நாளில் இருந்தது என்பது வேறு, இந்தத் தொடர் அதிலிருந்து வந்தது என்பது வேறு. உண்மையான கொடுமையைச் சொல்லப் பொய்யான சான்று தேவையில்லை. பிள்ளைகள் இதைத்தான் வரலாற்றுப் பாடமாகக் கற்க வேண்டும்.

7. வகுப்பறைக்கு

அந்தக் கெட்டிக்கார மாணவர் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். கடன் வாங்குவது குற்றமில்லை. ஆங்கிலமே எபிரேயம், கிரேக்கம், ஜெர்மன், பிரெஞ்சு, மலாய் என்று எல்லா வாசலிலும் நின்று வாங்கியிருக்கிறது. 'சிவப்பு நாடா' தமிழில் நின்றதற்குக் காரணம், அலுவலகக் கோப்புகளை அந்த நாடாவால் கட்டி வைத்ததை நம் மக்களும் பார்த்திருக்கிறார்கள். 'முதலைக் கண்ணீர்' நின்றது, முதலை நமக்கும் தெரிந்த விலங்கு என்பதால். இருந்தாலும் பழையனூர் நீலி கதையிலிருந்து வந்த 'நீலிக் கண்ணீர்' அதைவிட ஆழமானது. பேய் ஒன்று மனைவி போல வேடமிட்டு அழுதது, அந்த அழுகையை நம்பி வாக்குக் கொடுத்த எழுபது வேளாளர் தீயில் இறங்கினார்கள் என்பது கதை. பொய் அழுகையை நம்பியவர்கள் கொடுத்த விலையும் அந்தத் தொடருக்குள் இருக்கிறது. முதலையிடம் அது இல்லை.

ஆகவே ஓர் ஆங்கிலத் தொடர் மனத்தில் வந்தால் மாணவர்கள் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளலாம்.

ஒன்று, இதன் படம் என்ன? கப்பலா, ஆடா, குதிரையா?

இரண்டு, அந்தப் படம் தமிழ் வாசகர் கண்ணுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் பொருளை மட்டும் எடுத்து நேரான தமிழில் எழுதுங்கள்.

மூன்று, இதே பொருளில் நம் மொழியணியில் ஏற்கெனவே ஏதாவது உண்டா? இருந்தால் அதுவே முதல் தேர்வு. ஆனால் ஹாப்சனுக்கு எறும்பைப் போடாமல், பொருள் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்துப் போடுங்கள்.

ஆசிரியர்கள் வாரம் ஒரு தொடரை எடுத்து, பத்து நிமிடம் கதை சொல்லி, பிறகு தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று மாணவர்களையே வாதிட விடலாம். பலிகடாவா, போக்காடா என்று ஒரு வகுப்பு சண்டை போட்டுக்கொண்டால் அதைவிட நல்ல மொழிப்பாடம் வேறு என்ன இருக்கப் போகிறது?